பழகின கையும் புது மெஷினும்

“வயசானவங்களுக்குக் கம்ப்யூட்டர் வராது சார்!” ஆபீசுக்கு ஆபீஸ், பட்டறைக்குப் பட்டறை கேட்கிற வசனம் இது. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிற நம்மில் பலர் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லவும் ஆரம்பித்துவிடுகிறோம். இருபது வருஷம் சர்வீஸ் போட்ட ஸ்டோர் கீப்பர், புதிய சாப்ட்வேரில் ஒரு பில்லை ஏற்ற ஐந்து நிமிஷம் தடுமாறுவதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே மனிதர் சாயங்காலம் தன் செல்போனில் மகளுக்குப் பணம் அனுப்புகிறார், பேரனோடு வீடியோவில் பேசுகிறார். அப்புறம் வயசைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

நாளைக்கு நமக்குக் கிடைக்கப்போகும் வேலைகளில் பாதி இப்படிப்பட்டவைதான். கம்பெனி ஒரு புது சிஸ்டம் வாங்கும். அதை நிறுவவும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் “புதுசா வந்த டிப்ளமோ பையனை” அனுப்புவார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் நம் அப்பா வயதுக்காரர். அவர் அதை ஏற்றுக்கொள்வாரா மாட்டாரா என்பதை எது தீர்மானிக்கிறது? இதை நாற்பது வருஷமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அதில் அடிக்கடி தலைகாட்டும் சொல் ‘அனுபவம்’. அனுபவம் சில இடத்தில் தூக்கிவிடுகிறது, சில இடத்தில் காலை வாருகிறது.

சுலபம் முதலில், பயன் கடைசி வரை

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரெட் டேவிஸ் என்பவர் 1986-ல் தன் டாக்டர் பட்ட ஆய்வை முடித்தார். ஒரு ஊழியர் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை ஏற்பதும் தள்ளுவதும் இரண்டு கேள்விகளுக்கு அவர் மனதில் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது என்றார். ஒன்று, “இது என் வேலைக்கு உதவுமா?” இரண்டு, “இதைக் கையாள்வது சுலபமா?” பார்த்தால் சாதாரண விஷயம். ஆனால் இதை அளந்து பார்க்க முடியும் என்று காட்டியதுதான் அவருடைய பெருமை.

டேவிசும் இரண்டு நண்பர்களும் 1989-ல் வெளியிட்ட ஒரு சோதனை சுவாரஸ்யமானது. எம்.பி.ஏ. மாணவர்கள் 107 பேருக்கு ‘ரைட்ஒன்’ என்ற வேர்டு பிராசசரை ஒரு மணி நேரம் அறிமுகம் செய்துவைத்து, உடனே அபிப்பிராயம் கேட்டார்கள். 14 வாரம் கழித்து மறுபடி கேட்டார்கள். முதல் தடவை, பயன், சுலபம் இரண்டுமே அவர்கள் எண்ணத்தை நேரடியாகப் பாதித்தன. 14 வாரம் கழித்துப் பார்த்தால் சுலபம் பின்னால் போய்விட்டது! பயன்தான் முன்னால் நின்றது. சுலபம் என்பது பயனுக்குள் கரைந்துபோய், அதன் வழியாக மட்டுமே வேலை செய்தது. இன்னொரு விஷயமும் தெரிந்தது. முதல் நாள் “நான் இதைப் பயன்படுத்துவேன்” என்று சொன்னதற்கும், பின்னால் நிஜமாகப் பயன்படுத்தியதற்கும் உள்ள தொடர்பு 0.35 தான். பழகிய பிறகு சொன்னதற்கு அது 0.63.

அதாவது, டிரெயினிங் ஹாலில் எல்லோரும் தலையாட்டுவதை நம்பி “சக்சஸ் சார்” என்று ரிப்போர்ட் எழுதக் கூடாது. அந்தத் தலையாட்டல் நமக்காக ஆட்டியது. அவர் வேலைக்காக அல்ல.

2003-ல் வெங்கடேஷ், மாரிஸ், இன்னும் இரண்டு டேவிஸ்கள் (அதில் ஒருவர் நம்ம பிரெட் டேவிஸ்தான்) அதுவரை வந்த எட்டு கொள்கைகளை ஒன்றாக்கி ஒரு பெரிய மாதிரியை வெளியிட்டார்கள். நிஜ நிறுவனங்களில், டிரெயினிங் முடிந்ததும், ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் ஊழியர்களைக் கேட்டுக் கண்ட முடிவு அது. அனுபவம் ஏற ஏற சுலபம் பற்றிய கவலை குறைகிறது. “மேனேஜர் சொல்லிட்டார், எல்லாரும் பண்றாங்க” என்ற நெருக்கடியின் சக்தியும் குறைகிறது. ஆனால் ஒன்று மட்டும் கூடுகிறது. சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறதா, கெட்டுப்போனால் சரிசெய்ய வசதி இருக்கிறதா என்பதுதான் அது. அதிலும் வயதில் மூத்த ஊழியர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

நம் ஊர்களில் நடப்பதோ தலைகீழ். முதல் மூன்று நாள் சாப்பாட்டோடு டிரெயினிங், பொன்னாடை, குரூப் போட்டோ. நான்காம் மாதம் போன் பண்ணினால் எடுக்க ஆளில்லை.

கை சொல்வதும் திரை கேட்பதும்

மேலே சொன்னது புது சிஸ்டத்தோடு பழகும் அனுபவம். இதைவிட ஆழமானது, அதற்கு முன்பே அந்தத் தொழிலில் சேர்த்து வைத்த அனுபவம். நமக்குத் தெரிந்த டிராயிங் ஹாலையே எடுத்துக்கொள்வோம்.

மினி டிராப்டரும் பென்சிலுமாய் முப்பது வருஷம் உட்கார்ந்த டிராப்ட்ஸ்மேன், ஷீட்டை ஒட்டியதும் முதலில் முடிவு செய்வது ஸ்கேலைத்தான். 12 மீட்டர் சுவர், 1:100 ஸ்கேல் என்றால் பேப்பரில் 120 மில்லிமீட்டர் என்று மனசுக்குள்ளேயே கணக்கு ஓடிவிடும். 1982-ல் வந்த ஆட்டோகேடின் வழி வேறு. அதில் வரைவது முழு அளவில். 12 மீட்டர் சுவரை 12000 என்றே கொடுக்க வேண்டும். ஸ்கேல் என்பது கடைசியில், பிரிண்ட் எடுக்கும்போதுதான். நம்மவர் கை சும்மா இருக்குமா? 120 என்று வரைந்துவிடுகிறார். டைமென்ஷன் போட்டால் 120 என்று காட்டுகிறது. “மெஷின் தப்பா காட்டுது” என்று அந்த எண்ணை அழித்துவிட்டு 12000 என்று கையால் டைப் அடிக்கிறார். அன்றைக்கு டிராயிங் அழகாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் சுவரை இழுத்து நீட்டுவார். கோடு நீளும், கையால் அடித்த எண் அப்படியே நிற்கும். சைட்டில் மேஸ்திரி எதை நம்பிக் கட்டுவார்?

இதில் அவருக்குத் தெரியாதது என்று எதுவுமில்லை. ரொம்ப நன்றாகத் தெரிந்த ஒன்று, தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்! இதே மனிதரிடம் லேயர் என்றால் என்ன என்று சொல்லிப் பாருங்கள். “பிளான் மேல எலக்ட்ரிகலுக்கு ஒரு டிரேசிங் ஷீட், பிளம்பிங்குக்கு ஒரு டிரேசிங் ஷீட் வெச்சுப் போடுவீங்களே சார், அதுதான்” என்று ஒரு வாக்கியம் போதும். புதிதாகப் படித்து வந்த நமக்கு ஒரு வாரம் ஆன விஷயம் அவருக்கு ஐந்து நிமிஷத்தில் ஏறிவிடும். எந்த டைமென்ஷன் விட்டுப்போயிருக்கிறது, எந்தக் கோடு மறைகோடாக வரவேண்டும் என்று திரையைப் பார்த்ததும் சொல்லிவிடுவார். அதே அனுபவம் ஓரிடத்தில் முட்டுக்கட்டை, இன்னோரிடத்தில் படிக்கட்டு.

தமிழ் தட்டச்சின் கதை இன்னும் நெருக்கமானது. நம் டிப்ளமோ பரீட்சை நடத்துகிற அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் தட்டச்சுப் பரீட்சையும் நடத்துகிறது. லோயர், ஹையர் பாஸ் பண்ணி அரசாங்க வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தட்டச்சு மெஷினில் ‘கொ’ அடிப்பது எப்படி? கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். மூன்று தட்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதையொட்டி அரசு ‘தமிழ்99’ என்ற விசைப்பலகையை அந்த வருஷமே தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். ‘க’ அடித்து ‘ஒ’ அடித்தால் ‘கொ’. இரண்டே தட்டு. ‘க’வை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். தமிழ் எழுத்தின் இலக்கணத்தோடு ஒத்துப்போகிற, கற்றுக்கொள்ளச் சுலபமான, விரல் வேலை குறைந்த அமைப்பு. நியாயப்படி எல்லோரும் ஓடிவந்து ஏற்றிருக்க வேண்டும்.

ஓடி வந்தவர்கள் புதியவர்கள். ஏற்கெனவே தட்டச்சு பழகினவர்களோ அசையவில்லை. பிடிவாதம் என்று சொல்லிவிடலாமா? அவர்கள் நிலையில் நின்று யோசியுங்கள். ஹையர் பாஸ் செய்தவருக்கு எந்த எழுத்து எந்தச் சாவி என்று மூளை யோசிப்பதே இல்லை. விரலே அடித்துவிடும். புது அமைப்புக்கு மாறினால், அடுத்த நாளே அவர் ஒரு விரலால் தேடித்தேடி அடிக்கிற எல்.கே.ஜி. பிள்ளை ஆகிவிடுகிறார். பக்கத்து சீட்டில் நேற்று சேர்ந்த பெண் அவரை முந்துகிறாள். மேஜையில் பைல் குவிகிறது. ஆபீசர் “என்னாச்சு, இன்னும் லெட்டர் ரெடியாகலையா?” என்கிறார். இழப்பு இன்றைக்கே வருகிறது. லாபம் சில மாதம் கழித்து. அந்தச் சில மாதத்துக்கு அவர் வேலையைக் குறைத்துக் கொடுக்க எந்த ஆபீஸ் முன்வருகிறது?

சாப்ட்வேர்க்காரர்கள் இந்த யதார்த்தத்தைப் புரிந்துகொண்டார்கள். தமிழ்99 தருகிற மென்பொருள்கள் பலவற்றிலும் பழைய தட்டச்சு அமைப்பும் ஒரு தேர்வாகக் கூடவே இருக்கிறது. இதற்கு உள்ளே கொஞ்சம் வேலை நடக்கிறது. 2010-ல் தமிழக அரசும் ஏற்ற யூனிகோடு முறையில், ‘கெ’ என்ற எழுத்தில் ‘க’தான் முதலில் சேமிக்கப்படும், கொம்பு அடுத்துத்தான். ஆனால் பழைய டைப்பிஸ்ட் கொம்பை முதலில் அடிக்கிறார். ஆகவே மென்பொருள் அந்தக் கொம்பை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்து ‘க’ வந்ததும் இடம் மாற்றிச் சேமிக்கிறது. மனிதர் விரலை மாற்றிக்கொள்ளவில்லை. மெஷின் தன்னை மாற்றிக்கொண்டது. என்னைக் கேட்டால் இதுதான் நல்ல இன்ஜினியரிங்.

மெக்கானிக்கல் நண்பர்கள் சி.என்.சி. மெஷினில் இதையே பார்க்கலாம். எல்லாம் புரோகிராம்தான் என்றாலும் ஒரு கைச்சக்கரம் வைத்திருக்கிறார்கள். ஒரு கிளிக்குக்கு ஒரு மைக்ரான், பத்து மைக்ரான் என்று நகர்த்தலாம். பீடைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் உண்டு. சாதா லேத்தில் சத்தத்தைக் கேட்டே டூல் மழுங்கிவிட்டதைச் சொல்லும் டர்னருக்கு அந்தத் திருகு ஒரு தைரியம். அவர் காதுக்கு இன்னும் அங்கே வேலை இருக்கிறது.

நேற்றைய சிஸ்டமும் ஒரு பழக்கம்தான்

பழைய தலைமுறைக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நினைத்தால் ஏமாந்து போவோம். எம்.எஸ். ஆபீஸ் 2007-ல் மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பன் வந்தபோது அதிகம் முணுமுணுத்தவர்கள் யார்? கம்ப்யூட்டர் தெரியாதவர்களா? எக்செலில் மௌசைத் தொடாமல் பறந்துகொண்டிருந்த கெட்டிக்காரர்கள்! ஆல்ட், ஈ, எஸ் என்று வரிசையாகத் தட்டிப் பேஸ்ட் ஸ்பெஷல் எடுப்பவர்கள். மைக்ரோசாப்ட் மெனுவை மறைத்ததே தவிர, அந்தப் பழைய சாவி வரிசையை எக்செலில் விட்டுவைத்தது. ஆட்டோகேட் 2015-ல் ‘கிளாசிக்’ திரையை எடுத்துவிட்டபோது, அதைத் தாங்களே திரும்ப அமைத்துக்கொண்ட ஆட்கள் ஏராளம். முப்பது வயதுக்காரர்களும் அதில் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மறுப்பதெல்லாம் பழக்கத்தால் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை போய்விடும் என்ற பயமும் அனுபவம் தந்ததே. நம் நாட்டு வங்கிகளில் கம்ப்யூட்டர் வந்தது வெறும் உத்தரவால் அல்ல. 1983-ல் ஊழியர் சங்கங்களும் இந்திய வங்கிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்ட பிறகுதான் வழி திறந்தது. பேசாமல் திணித்தால் என்னாகும் என்பதற்கு லண்டன் சாட்சி.

லண்டன் ஆம்புலன்ஸ், 1992

சுமார் 600 சதுர மைல் பரப்புக்கு ஆம்புலன்ஸ் அனுப்பும் சேவை அது. பழைய முறை இப்படி: போன் எடுப்பவர் விவரத்தை ஒரு படிவத்தில் எழுதி, மேப் புத்தகத்தில் இடத்தைப் பார்த்து, கன்வேயர் பெல்ட்டில் போடுவார். அது நடு மேஜைக்குப் போய், அங்கிருந்து அந்தந்தப் பகுதிக்காரரிடம் போகும். அவர் எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தக் குழுவுக்கு டியூட்டி முடியப்போகிறது என்பதை மனசில் வைத்துக்கொண்டு ரேடியோவில் அனுப்புவார். மெதுவான முறைதான். ஆனால் நடுவில் ஒரு மனித மூளை இருந்தது.

அதற்கு முன்பே ஆரம்பித்த ஒரு கம்ப்யூட்டர் திட்டம் பணத்தைக் கரைத்து 1990-ல் கைவிடப்பட்டது. ஊழியர்களின் முதல் அனுபவமே கசப்பு. அடுத்த திட்டம் 1992 ஜனவரியில் வரவேண்டியது, தள்ளித் தள்ளி அக்டோபர் 26-ல் முழுசாக ஓடத் தொடங்கியது. பயிற்சியோ முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. நடுவே ஓடிய மாதங்களில் பாதி மறந்துபோயிற்று. கண்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்கும் வண்டியில் போகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பயிற்சி தரவில்லை. போதாக்குறைக்கு அன்றைக்கென்று உட்காரும் இடத்தையும் மாற்றினார்கள். வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பார்வையிலேயே விஷயம் பரிமாறிக்கொண்டவர்கள் பிரிந்து போனார்கள். பேப்பரும் போயிற்று.

சிஸ்டம் ஒன்றை நம்பியது: வண்டியில் இருப்பவர்கள் ஒவ்வொரு கட்டத்திலும் சரியான பட்டனைச் சரியான வரிசையில் அழுத்துவார்கள், ஒதுக்கிய வண்டியையே எடுத்துப் போவார்கள் என்று. அவசர வேலையில் அது நடக்கவில்லை. வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று சிஸ்டத்துக்குத் தெரியாமல் போயிற்று. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, முக்கியமானவை மேலே ஏறிக் காணாமல் போயின. ஆம்புலன்ஸ் வராதவர்கள் மறுபடி மறுபடி போன் செய்ய, கூட்டம் இன்னும் ஏறியது. பழைய முறையில் இதைச் சமாளித்திருக்கக்கூடிய அனுபவசாலிகள் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் தங்கள் அனுபவத்தைப் பயன்படுத்த அவர்களுக்கு வழியே வைக்கவில்லை. மறுநாளே பாதி கை வேலைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலை சிஸ்டம் முழுசாக நின்றது. புரோகிராமில் விட்டுப்போன ஒரு சின்னத் துண்டு, மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்ததாம். முழுக்கப் பேப்பருக்குப் போனார்கள். தலைமை நிர்வாகி அக்டோபர் குழப்பத்தின்போதே பதவி விலகியிருந்தார்.

1993-ல் வந்த விசாரணை அறிக்கை புரோகிராம் பிழையைச் சொன்னது. ஆனால் அதைவிட அதிகப் பக்கம் செலவிட்டது நிர்வாகம், அவசரம், பயிற்சி, ஊழியர்களின் அவநம்பிக்கை ஆகியவற்றுக்குத்தான். நாம் படிக்கிற பாடத்தில் இந்த அத்தியாயம் இல்லை, கவனித்தீர்களா?

அதே ஆம்புலன்ஸ் சேவையில் 1996-ல் மறுபடி ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. இந்தத் தடவை அவசரமில்லை. முதலில் ஊழியர்களோடு உறவைச் சரிசெய்தார்கள். மாதிரிகளைச் செய்து காட்டி, பயன்படுத்தப் போகிறவர்களையே கேட்டு மாற்றினார்கள். போன் எடுத்து விவரம் பதிவது என்ற எளிய பகுதியில் ஆரம்பித்து, அது கைக்குப் பழகிய பிறகு அடுத்த பகுதி. அது நின்று நிலைத்து ஓடியது. இத்தனைக்கும், நான்கு வருஷத்துக்கு முன்னால் சூடு கண்ட அதே இடம்!

ஆகவே நண்பர்களே, உங்களை ஒரு ஆபீசுக்கோ ஒர்க்‌ஷாப்புக்கோ சிஸ்டம் நிறுவ அனுப்பினால், கேபிளை இழுப்பதற்கு முன் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். மேஜை டிராயரில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும். பழைய கணக்கை அவர் எந்த வரிசையில் எழுதுகிறார் என்று பாருங்கள். உங்கள் திரையில் கட்டங்கள் அதே வரிசையில் வருகின்றனவா? அவர் முதலில் பார்ட்டி பெயரை எழுதுகிறவர் என்றால், உங்கள் சிஸ்டம் முதலில் பதினைந்து இலக்கக் குறியீட்டைக் கேட்டால், சண்டை அங்கேயே ஆரம்பம். சிஸ்டம் ஓடத் தொடங்கிய மூன்றாம் மாதம் சொல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அந்த நோட்டு இன்னும் டிராயரில் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தால் அவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். “அண்ணே, இந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க” என்று வாங்கிப் பாருங்கள். உங்கள் சிஸ்டத்தில் இல்லாதது என்னவோ, அதைத்தான் அவர் அதில் எழுதி வைத்திருப்பார்.